‘நல்லா படிக்கிறானா?’ என்று கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பெற்றோரும் தொடக்கப் பள்ளியும்

நீலகிரியின் நாலா பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆசிரியர் ஒருவரும் எழுதியிருக்கிறார். அவருக்கான பதிலைப் பெற்றோரும் அவசியம் படிக்க வேண்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ‘வீட்டில் கொஞ்சம் பாருங்கம்மா’ என்கிறார் டீச்சர். என்னத்தைப் பார்ப்பது? டியூஷன் அனுப்பட்டுமா?
– வாசகி, கோத்தகிரி

டியூஷன் வேண்டாம். பாடம் சொல்லிக் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. அதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு தாராளம். ராத்திரி உலை கொதித்துச் சோறு வேகிற நேரம் போதும்.

முதலில் வாசிப்பு. அடுப்படியில் பக்கத்தில் உட்கார வைத்து, தமிழ்ப் புத்தகத்தில் ஐந்து வரி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடகடவென்று வாசித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். நிறையப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்ததும் வாய் தானாக ஓடும். வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போய், முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால் அது ஒப்புவித்தல். வாசிப்பு இன்னும் வரவில்லை. அடுத்து, அவன் பார்த்திராத எழுத்தைக் காட்டுங்கள். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, டீத்தூள் பாக்கெட் எதுவானாலும் சரி.

பிறகு ஒரு தாளில் மூன்று ஜோடி எழுதுங்கள்: மலை – மாலை, படம் – பாடம், கொடி – கோடி. மலையையும் மாலையையும் ஒரே மாதிரி வாசித்தால் துணைக்கால் பிடிபடவில்லை. கொடியிலும் கோடியிலும் தடுமாறினால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசம் தெரியவில்லை. இது பெரிய குறை இல்லை. ஒரு வாரம் கவனித்துச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடுகிற விஷயம். ஆனால் யாரும் கவனிக்காமல் விட்டால் நான்காம் வகுப்பு வரை கூடவே வரும். அதற்குள் பிள்ளை ‘எனக்குப் படிப்பு வராது’ என்று முடிவு கட்டியிருப்பான்.

தப்பாக வாசிக்கும்போது உடனே திருத்தாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அவனே திரும்பப் பார்த்துச் சரிசெய்தால் அதுதான் உண்மையான படிப்பு. முடியாவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நாள் முழுக்கக் கூடை சுமந்த உங்களுக்கும் முடியாது, அவனுக்கும் முடியாது.

கணக்குக்கு உங்கள் வேலையிலேயே சரக்கு இருக்கிறது. காலை நிறுவையில் 14 கிலோ, மதியம் 17 கிலோ என்றால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு கழித்தல். 42 கழித்தல் 17 என்று எழுதிக் கொடுங்கள். 35 என்று விடை எழுதினால் அவன் கவனக்குறைவாகப் போட்டான் என்று நினைக்காதீர்கள். மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டிருக்கிறான். நாலில் ஒன்று போக 3. நிறையப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. ‘கடன் வாங்கு’ என்று மட்டும் சொன்னால் விளங்காது. துடைப்பக் குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, தனியாக இரண்டு குச்சி என்று அவன் கையில் கொடுங்கள். ஏழு குச்சி தா என்று கேளுங்கள். தனியாக இருப்பது இரண்டுதானே? ஒரு கட்டை அவனே பிரிக்கட்டும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழு கொடுத்தால் மிச்சம் ஐந்து. இன்னும் ஒரு கட்டைக் கொடுத்தால் இரண்டு கட்டு. விடை 25. கட்டைப் பிரிக்கிற அந்த ஒரு செயலைக் கை செய்துவிட்டால், பிறகு தாளில் போடும் கணக்குக்கு அர்த்தம் வந்துவிடும்.

இனி டீச்சரிடம் போங்கள். ‘நல்லா படிக்கிறானா?’ என்று கேட்டால், ‘பரவாயில்லைம்மா, வீட்டில் கவனிங்க’ என்பதுதான் பதிலாக வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல முடியாது. ‘மலை, மாலை ரெண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறான் டீச்சர், வகுப்பிலும் அப்படியா?’ என்று கேட்டுப் பாருங்கள். மறுநாளே அவர் அதற்கு ஏதாவது செய்ய முடியும். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரைத் தவறாமல் சந்தித்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவு சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். இன்னொன்று: ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கணக்கில் ‘அரும்பு’ என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘மலர்’. இது ஃபெயில் ஆன மாதிரியா?
– வாசகர், குந்தா

இல்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சிறு பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் தவறவிட்டார்கள். அதைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தமிழ்நாட்டில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது நோக்கம். வகுப்புக்கு உரிய நிலையில் இருக்கும் பிள்ளை மலர், அடிப்படையே இன்னும் உறுதிப்பட வேண்டியிருந்தால் அரும்பு, இடையில் மொட்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் நிலை தனித்தனி. உங்கள் மகள் கணக்கில் அரும்பாகவும் தமிழில் மலராகவும் இருக்கலாம்.

தப்பு எங்கே நடக்கிறது தெரியுமா? ‘என் பிள்ளையையும் மலரில் போடுங்கள்’ என்று பெற்றோர் வற்புறுத்துவார்கள். முகத்துக்காக ஆசிரியரும் போட்டுவிட்டால், பிள்ளை தனக்குப் புரியாத பயிற்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அரும்பில் இருந்தால் அதற்கேற்ற பயிற்சி கிடைக்கும், மேலே ஏற வழி இருக்கும். டீச்சரிடம் கேட்க வேண்டியவை: எந்தத் திறன் வரவில்லை? அதற்கு வீட்டில் என்ன செய்யலாம்? அடுத்த மதிப்பீடு எப்போது? பிள்ளை காதுபட ‘அரும்பு’ என்று வீட்டில் கேலி செய்ய வேண்டாம் என்று அண்ணன், அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளைகள் வரும் பாதையில் யானை நடமாட்டம் இருக்கிறது. அதைச் சொன்னால், ‘அது நம்ம கையில் இல்லை’ என்கிறார்கள்.
– வாசகி, பந்தலூர்

உங்கள் கையில்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதி பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் வேலைகள். டீ குடிப்பது கூடுதல்.

கையெழுத்துக்கு முன் தீர்மானத்தை யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்காகக் கேட்பதாகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். காலிப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யானைப் பாதை விஷயத்துக்கு வருவோம். ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அந்தத் தாள் நகராது. ஒரு பட்டியல் போடுங்கள். எந்தக் குடியிருப்பு, அங்கிருந்து எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் காட்டு ஓரமாக நடக்கிற தூரம் எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், யானை பார்த்த தேதிகள். தொலைவான குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகன வசதியும் வழித்துணை வசதியும் உண்டு. அதைக் குறிப்பிட்டே தீர்மானம் போடுங்கள். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று வட்டார வள மையத்துக்கு, ஒன்று வனச்சரகருக்கு, ஒன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், ‘போன தீர்மானம் என்ன ஆயிற்று?’ என்பதாக இருக்கட்டும். அந்த ஒரு கேள்வியை மாதா மாதம் விடாமல் கேட்கிற ஒரு தாய் இருந்தால் குழு உயிரோடு இருக்கும். பதில் வரும்வரை, ஒரே பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றாகவே கிளம்பட்டும். பெரியவர் ஒருவர் முறை வைத்துக் கூடப் போகட்டும். வெளிச்சம் வருவதற்கு முன் யாரும் தனியாகப் புறப்பட வேண்டாம்.

பள்ளி தொடர்பான சந்தேகத்துக்கும் புகாருக்கும் கல்வித் துறை உதவி எண் 14417. பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் 1098.

வீட்டில் எங்கள் படுகர் மொழியான படுகு பேசுகிறோம். பேத்தி ஒன்றாம் வகுப்பில் தமிழில் தடுமாறுகிறாள். இனிமேல் வீட்டிலும் தமிழே பேசச் சொல்கிறார் மருமகள். சரியா?
– வாசகி, ஊட்டி அருகே ஒரு ஹட்டி (படுகர் ஊர்)

படுகை விடாதீர்கள் அம்மா. கதை கேட்பது, காரணம் சொல்வது, கேள்வி கேட்பது எல்லாம் பிள்ளைக்கு அந்த மொழியில்தான் முதலில் வருகின்றன. அதைப் பிடுங்கிக்கொண்டால் இரண்டு மொழியிலும் வாயடைத்துப் போகும். கூடியவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. அது முடியாத இடத்தில், வீட்டு மொழியைப் பாலமாக்குவது நம் கையில் இருக்கிறது.

படுகில் ‘ஹாலு’ என்பது தமிழில் பால். ஹட்டிக்கும் பட்டிக்கும் அதே உறவு. இப்படி ஜோடி ஜோடியாகச் சொல்லி விளையாடுங்கள். தான் பேசுவது தப்பான தமிழ் இல்லை, தமிழுக்குச் சொந்தக்கார மொழி என்று பிள்ளைக்குத் தெரியட்டும். மருமகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வயிற்று வலி, பசி, ஒன்றுக்கு, குளிர், பயம், தலை சுற்றல் என்று இருபது சொற்களுக்குப் பேத்தி வீட்டில் என்ன சொல்கிறாள் என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதி டீச்சரிடம் கொடுக்கட்டும். ஒன்றாம் வகுப்பில் காரணம் தெரியாமல் அழுகிற பிள்ளைகளில் பலருக்கு, சொல்ல வந்ததற்குச் சொல் கிடைக்காததே காரணம். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தத் தாள் இன்னும் அவசியம்.

இரண்டு ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் நான். பெற்றோர் கூட்டம் என்றால் நாலு பேர்கூட வருவதில்லை. அக்கறையே இல்லை.
– வாசகர், கூடலூர்

அக்கறை இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள் ஐயா.

நேரம். வேலை நாளில் மதியம் கூட்டம் வைத்தால் எஸ்டேட்டில் அரை நாள் சம்பளம் போகிறது. உங்கள் அழைப்புக்கு அவர்கள் கொடுக்கிற விலை அது. மாலை நிறுவை முடிந்த பிறகோ ஞாயிறு காலையோ, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவிலோ, வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் குறிக்கும் மஸ்டர் இடத்திலோ அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

அழைப்பு. அச்சடித்த சுற்றறிக்கை, வாசிக்கத் தெரியாத வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. வாட்ஸப்பில் எழுத்துக்குப் பதில் முப்பது வினாடிக் குரல் செய்தி போடுங்கள். சிக்னல் இல்லாத பாடிகளுக்கு (சிறு குடியிருப்புகளுக்கு) பிள்ளை வாயால் சொல்லி அனுப்புங்கள். கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து.

மூன்றாவதுதான் முக்கியம். இதுவரை எதற்கெல்லாம் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்? பிள்ளை சண்டை போட்டான், லீவு போட்டான், சான்றிதழ் தரவில்லை என்றா? பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே ஏதோ வினை என்று நினைக்கும்படி பழகியிருந்தால், கூட்டத்துக்கு வரக் கால் கூசும். ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் செய்தி நல்ல செய்தியாகப் போகட்டும். ‘உங்க மகள் இன்னைக்கு ஒரு பத்தி தானா வாசிச்சா’ என்ற ஒரு வரி போதும்.

கூட்டத்தில் பேச்சு வேண்டாம். ஒவ்வொரு பெற்றோர் கையிலும் அவரவர் பிள்ளையின் நோட்டைக் கொடுங்கள். ஜூன் மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத தாய்க்கும் வித்தியாசம் கண்ணில் தெரியும். குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் ஒரு தகப்பனைத் தலைகுனிய வைத்தால் அவர் அடுத்த முறை வர மாட்டார், அந்தக் கோபம் வீட்டில் பிள்ளை மேல் விழும். வீட்டைப் பற்றி நீங்களும் கேளுங்கள். இரவு எங்கே படுக்கிறான், காலையில் யார் எழுப்புகிறார்கள், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பொறுப்பு அவனுக்கா? வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைப் பற்றி நீங்கள் அறியாத விவரம் அவர்களிடம் இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழையில் வாரத்துக்கு ஒரு நாளாவது மகனை அனுப்ப முடிவதில்லை. ஒரு நாளில் என்ன குறைந்துவிடும்? அடுத்த ஆண்டு வேறு எஸ்டேட்டுக்கு மாறவும் உத்தேசம்.
– வாசகர், தேவாலா

தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள். ஐந்து நாள் வாரமாகப் பார்த்தால் நாற்பது வாரம். வாரம் ஒரு நாள் என்பது ஆண்டு முழுக்கத் தொடர்ந்தால் 40 நாள், அதாவது இரண்டு மாதப் பள்ளிக்கூடம் போய்விடும். மழைக்காலத்தில் மட்டும் என்றாலும், போகிற நாள் எது என்பது முக்கியம். கட்டுப் பிரிக்கும் கழித்தலைச் சொல்லித் தந்த அன்று வராத பிள்ளைக்கு, அடுத்த பத்து நாளும் வகுப்பில் நடப்பது புரியாது.

கலெக்டர் விடுமுறை அறிவித்த நாள் வேறு. அது எல்லோருக்கும் பொது. மற்ற நாளில் அனுப்ப முடியாவிட்டால் அன்றே தகவல் சொல்லி, ‘இன்றைக்கு நடந்ததில் தவறவிடக் கூடாதது எது?’ என்று ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஈரம்தான் காரணம் என்றால் பாலிதீன் உறையில் ஒரு செட் காய்ந்த உடுப்பும் காலுறையும் பள்ளியிலேயே வைக்க டீச்சரிடம் இடம் கேளுங்கள். நனைந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்த பிள்ளைக்கு எழுத விரல் மடங்காது. ஹெத்தையம்மன் பண்டிகை, ஊர்த் திருவிழா போன்றவை முன்கூட்டியே தெரிந்தவை. தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் புதுப் பாடத்தை அந்த நாட்களில் தொடங்காமல் பார்த்துக்கொள்ள ஆசிரியரால் முடியும்.

இடம் மாறும்போது மாற்றுச் சான்றிதழைப் பள்ளி உடனே தர வேண்டும். அது தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது. பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டுகளை எடைக்குப் போடாமல் கொண்டுபோங்கள். புது ஆசிரியருக்குச் சான்றிதழ் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

எங்கள் காலத்தில் ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்தில் தோலை உரிங்க சார்’ என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். இப்போது என் பேரனை வாத்தியார் அடிப்பதே இல்லை. படிப்பு எப்படி வரும்?
– வாசகர், குன்னூர்

அடிப்பதும் மனத்தை நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. ‘நான்தான் அடிக்கச் சொன்னேன்’ என்று தாத்தா அனுமதி கொடுத்தாலும் செல்லாது. அடிக்குப் பயந்த பிள்ளை, தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்ளும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும், வயிற்று வலி என்று லீவு போடும். தெரியவில்லை என்று வாய் திறந்து சொன்னால்தானே சொல்லிக் கொடுக்க முடியும்? பேரனிடம் தினமும், ‘இன்னைக்கு எது புரியல?’ என்று நீங்கள் கேளுங்கள் ஐயா. அவன் சொல்வதைத் திட்டாமல் கேட்பது பிரம்பைவிடப் பெரிய உதவி.

பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள். வீட்டில் சாப்பிட வைத்து அனுப்புவதா, வேண்டாமா?
– வாசகி, கோத்தகிரி

2023 ஆகஸ்ட் முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இந்தத் திட்டம் நடக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. தூரம் நடந்து வருகிற பிள்ளைக்கு வீட்டில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, சாப்பாட்டைப் பள்ளியில் சாப்பிட விடுங்கள். மணி அடித்த பிறகு வந்தால் அது கிடைக்காமல் போகலாம். ஒவ்வாத பொருள் ஏதாவது இருந்தால் சமைக்கும் அம்மாவிடமும் தலைமையாசிரியரிடமும் நேரில் சொல்லுங்கள்.

மகள் புத்தகத்தை நன்றாக வாசிக்கிறாள். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மட்டும் தப்புத் தப்பாக எழுதுகிறாள். சோம்பலா?
– வாசகர், எருமாடு

கண்ணாக இருக்கலாம். கிட்டே இருப்பது தெரிந்து, தூரத்தில் இருப்பது தெரியாத பிள்ளை இப்படித்தான் எழுதும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வதால் அதுவாகச் சொல்லாது. வாசலில் நின்று எதிர்ச்சரிவில் உள்ள ஏதாவது ஒன்றை எண்ணச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிவது அவளுக்குத் தெரிகிறதா பாருங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே டீச்சரிடம் சொல்லி முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.